ஏற்கெனவே இருக்கிறது, தொடரட்டுமா?

ஒரு காட்டில் குட்டை ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. கோடை வந்தால் எல்லா மிருகங்களும் அந்தக் குட்டைக்குத்தான் வந்தாக வேண்டும். யார் எப்போது குடிப்பது என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்தது. தினமும் காலையில் அதைப் போட்டதும் 'நீர்முறை' என்ற சாஃப்ட்வேர் தானாகத் திறந்து, முந்தின நாள் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் வரிசையாக டோக்கன் அச்சடித்துத் தள்ளிவிட்டு மூடிக்கொள்ளும். டோக்கன் இருப்பவர் குடிக்கலாம். இல்லாதவர் கரையில் நின்று பார்க்கலாம். பார்ப்பதற்கு டோக்கன் தேவையில்லை.

அந்த அலுவலகத்துக்கு மேலாளர் ஒரு கரடி. அவருக்குக் கீழே தற்காலிகப் பணியில் நிரஞ்சனி என்ற தேவாங்கு சேர்ந்தாள். தபால்வழியில் கம்ப்யூட்டர் படித்து முதல் வகுப்பில் தேறியவள். தேவாங்குகளுக்குக் கண் பெரிது, குரல் சிறிது. இவளுக்கு அது கொஞ்சம் கூடுதல். எதையும் கூர்ந்து பார்ப்பாள்; பார்த்ததை யாரிடமும் சொல்லமாட்டாள். கோடை முடிவதற்குள் வேலை நிரந்தரமாகிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை. ஆகாவிட்டால், "இவ்வளவு படிச்சும் கிளையிலதானா?" என்று விசாரிக்கும் சித்திகளும் மாமிகளும் நிறைந்த அதே மரத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

சேர்ந்த முதல் நாள் கரடி, "ஏம்மா, நீர்முறையத் திறந்து காலையில வர்றவங்க பேரை ஏத்து. மத்தியானத்துக்கு மேல நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிரஞ்சனி திரையைப் பார்த்தாள். நீர்முறையைக் காணோம். 'தேன்' என்று பெயரிட்ட ஒரு ஃபோல்டர் மட்டும் இருந்தது. மேலாளரின் தேனுக்குள் கைவிடுவது மரியாதையாகப் படவில்லை. பக்கத்திலிருந்த கரடியின் குகைக்குப் போய், "சார், அது எங்க இருக்கு?" என்று கேட்டிருக்கலாம். 'சார்' என்று ஆரம்பிப்பதா, 'எக்ஸ்கியூஸ் மீ சார்' என்று ஆரம்பிப்பதா என்ற யோசனையிலேயே வெயில் ஏறிவிட்டது. கடைசியில் மேசை டிராயரில் கிடந்த சீடியை எடுத்து அவளே நீர்முறையை இன்ஸ்டால் செய்யத் தொடங்கினாள்.

"இது ஏற்கெனவே இருக்கிறது. தொடரட்டுமா?" என்றது கம்ப்யூட்டர்.

பிறந்ததிலிருந்து நிரஞ்சனி யாருக்கும் 'இல்லை' சொன்னதில்லை. 'சரி' என்பதை அழுத்தினாள்.

"அப்படியானால் வேறு இடத்தில் வைக்கட்டுமா?"

தன்னைவிடக் கூச்ச சுபாவமுள்ள ஒன்றை அன்றுதான் பார்த்தாள். அதற்கும் 'சரி'.

மறுநாள் காலையில் இரண்டு நீர்முறைகளும் விழித்துக்கொண்டன. அவள் ஏற்றியதை ஒன்றும், கரடி ஏற்றியதை மற்றொன்றும் அச்சடித்தன. சற்று நேரத்தில் அலுவலக வாசலில் யானையும் காட்டுப்பன்றியும் வந்து நின்றார்கள். இருவர் கையிலும் டோக்கன். இரண்டிலும் நம்பர் ஒன்று.

"என் டோக்கன்தான் அசல்" என்றார் யானை. "அந்தம்மா எங்கயோ போலி அடிச்சிட்டு வந்திருக்கு."

"போலி அடிக்க என்கிட்ட பிரிண்டரா இருக்கு அண்ணாச்சி? பன்னெண்டு குட்டிய வச்சுக்கிட்டு மூச்சு விடவே நேரமில்ல" என்றாள் காட்டுப்பன்றி. பிறகு நிரஞ்சனியிடம் திரும்பினாள். "நீ சொல்லும்மா, எது சரி? ஏன் இப்படித் தேவாங்கு மாதிரி முழிக்கிறே?"

"நான் தேவாங்குதான் அக்கா."

"அதுக்காக?"

கரடி தலையைச் சொறிந்தார். "நிரஞ்சனி, கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு நீதானே. என்னன்னு பாரு. அடுத்த வாரம் புலி ஐயா ஆய்வுக்கு வர்றார். உன் ஃபைலையும் கையோட கொண்டுவர்றார்."

நிரஞ்சனி கம்ப்யூட்டர் முன்னால் ஓடி உட்கார்ந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, திரையில் தான் போட்ட நீர்முறையின் ஐகானைப் பிடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். கரடி கைதட்டினார். அவளும் உள்ளுக்குள் தட்டிக்கொண்டாள். மறுநாளும் இரண்டு ஒன்றாம் நம்பர்கள் வந்தன. அவள் பிடுங்கிப்போட்டது ஊருக்கு வழிகாட்டும் பலகையை. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. முதல் வருடப் பாடத்திலேயே இது உண்டு. அந்தக் கேள்விக்கு அவள் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

அடுத்து, சாஃப்ட்வேர்களை நீக்கும் பட்டியலைத் திறந்தாள். நீர்முறை, நீர்முறை. ஒரே பெயர், ஒரே படம், ஒரே அளவு. சேர்த்த தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகார பேட்டரி செத்து வெகுகாலமாகிவிட்டது. எப்போது போட்டாலும் ஜனவரி ஒன்றாம் தேதிதான். இரண்டு நீர்முறைகளும் ஒரே புத்தாண்டில் பிறந்த இரட்டையர்களாகச் சிரித்தன. தவறானதை நீக்கிவிட்டால் கரடி ஏற்றி வைத்த பெயரெல்லாம் போய்விடும். "சார், உங்களுது எங்க இருக்கு?" என்று கேட்டால் போதும். அதைக் கேட்கக் கூடியவளாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஆகவே, இரட்டைகளைக் கண்டுபிடித்துத் தரும் சாஃப்ட்வேர் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினாள். காட்டில் சிக்னல் மெதுவாகத்தான் வரும். வரவில்லையே என்று இன்னொரு தடவையும் அழுத்திவைத்தாள். இரண்டும் வந்து உட்கார்ந்தன. இரண்டும் காடு முழுக்கத் தேடுவதுபோல் வெகுநேரம் சுற்றின. பிறகு ஒன்று மற்றொன்றைக் காட்டி, "இரட்டை கண்டுபிடிக்கப்பட்டது" என்றது. மற்றதும் அதையே சொன்னது. நீர்முறையைப் பற்றி இரண்டுமே வாய் திறக்கவில்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் நிரஞ்சனி தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு கரடியின் குகைக்குப் போனாள்.

"சார்... அந்த ரெண்டாவது நீர்முறை... நான் போட்டது. முதல் நாளே. எங்க இருக்குன்னு கேக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

கரடி அவளையே பார்த்தார். எழுந்து போய்க் குகை வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ரெண்டாவது நான் போட்டதும்மா" என்றார் மெல்லிய குரலில். "உன்னது மூணாவது. ஒரிஜினலை நீ வர்றதுக்கு முன்னாடியே நான் தெரியாம அழிச்சிட்டேன். யார்கிட்ட கேக்கறதுன்னு வெக்கமா இருந்துச்சு. சீடிய எடுத்து நானே போட்டு, யார் கண்ணுலயும் படவேண்டாம்னு தேனுக்குள்ள வச்சிட்டேன்."

இருவரும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிரஞ்சனிக்கு அவ்வளவு நெருக்கமாக இதுவரை யாரிடமும் பேசியதாக நினைவில்லை.

"நாளைக்கு ஐயா கேட்டா என்ன சார் சொல்றது?"

"நீ முழி. நான் இருமுறேன்."

மறுநாள் புலி வந்தார். நேரே குட்டைக்குத்தான் போனார். கரடியும் நிரஞ்சனியும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள். ஆனால் அங்கே சண்டையையே காணோம். தினமும் கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோன காட்டுப்பன்றி முந்தின நாள்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்: "குட்டைக்கு ரெண்டு கரை இருக்குல்ல அண்ணாச்சி? உங்க நம்பரு இடது கரையில செல்லட்டும், என் நம்பரு வலது கரையில." இப்போது இரண்டு கரையிலும் இரண்டு வரிசை. முன்பு பாதி நாள் காத்திருந்தவர்கள் குடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

"அட!" என்றார் புலி. "வரிசை பாதியாயிடுச்சே. இதுக்கு ரெண்டு தனித்தனி டோக்கன் வேணுமே. யார் ஏற்பாடு?"

கரடி இருமினார். இருமிக்கொண்டே விரலை நிரஞ்சனி பக்கம் நீட்டினார்.

நிரஞ்சனி முழித்தாள்.

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்" என்றார் புலி. அங்கேயே கையிலிருந்த ஃபைலை விரித்து நகத்தால் கையெழுத்துப் போட்டார். 'இருகரை நீர்முறை அலுவலர்.' நிரந்தரம். மரத்திலிருந்து சித்திகளும் மாமிகளும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

காத்திருக்க வேண்டாம் என்றானதும், எல்லோரும் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை பெயர் கொடுத்து இரண்டு கரையிலும் குடிக்கத் தொடங்கினார்கள். ஒரே குட்டையில் இரண்டு வரிசை குடித்தால் தண்ணீர் இரண்டு மடங்கு வேகத்தில் குறையும். இது எல்லோர் கண்ணுக்கும் மெல்லத்தான் தெரிந்தது. நிரஞ்சனிக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. கூர்ந்து பார்ப்பவள் அல்லவா.

"ஏம்மா, போன வருஷம் இந்நேரம் என் முட்டி வரைக்கும் இருந்துச்சே?" என்று காட்டுப்பன்றி கேட்ட அன்று மதியம், அவள் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். எது கரடியுடையது, எது தன்னுடையது என்று இப்போது தெரியும். தன்னுடையதைத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்பதை அழுத்தினாள்.

"இதை நீக்கினால் இதிலுள்ள வரிசை இருக்காது. நிச்சயமாக நீக்கட்டுமா?" என்றது கம்ப்யூட்டர், அதே பழைய பணிவோடு.

வரிசை ஒன்றானால் இருகரை அலுவலர் எதற்கு? சுவரில் நியமன ஆணை மாட்டியிருந்தது. சித்திகள் வந்தபோது துடைத்த பளபளப்பு இன்னும் போகவில்லை. நிரஞ்சனி ஆணையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக, குரல் எழும்பாமல், 'இல்லை' என்று சொன்னாள்.

ஆடி பிறப்பதற்குள் குட்டையில் சேறுதான் மிஞ்சியது. பிரிண்டர் மட்டும் தினமும் காலையில் இரண்டு ஒன்றாம் நம்பர்களைத் தவறாமல் அச்சடித்துக்கொண்டிருந்தது.

நீதி: செய்த தவறைத் திருத்துவதாக இருந்தால், அதற்குப் பதவி கொடுப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள். பதவி வந்த பிறகு திருத்தினால் அதுதான் தவறு.