பேண்டு குழுவுக்கு ஒரு பிரியாணி உபயம்

நான் ராணுவத்தில் இருந்தவன் என்று சொன்னால் ஆட்கள் உடனே என் கையைப் பார்ப்பார்கள், துப்பாக்கி பிடித்த கை என்று. உண்மையில் அது பேண்டு குழுவில் டிராம்போன் பிடித்த கை. நாட்டுக்காக நான் இழந்தது ஒரே ஒரு மதியச் சாப்பாட்டு அலவன்ஸ். குழுவில் இருந்த அத்தனை பேருடையதையும் சேர்த்து இழந்தேன் என்பதுதான் விசேஷம்.

குழுவில் சேர்ந்த புதிது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்க, கோலாலம்பூர் முகாமிலிருந்து எங்களை அனுப்பினார்கள். இப்படி அலுவல் பயணம் போனால் சாப்பாட்டுக்கு அலவன்ஸ் உண்டு. பிறகு கிளெய்ம் செய்து வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அழைத்தவர்களே சோறு போட்டுவிட்டால் அந்த வேளைக்கான காசு வெட்டு. டீயும் பலகாரமும் கணக்கில் வராது. எங்கள் ஆட்கள் ஒரு திட்டம் போட்டார்கள்: மதியத்துக்கு வீட்டிலிருந்து ரொட்டி, அந்த அலவன்ஸை நம்பி மாலையில் கிள்ளான் துறைமுகத்தில் சுட்ட மீன்.

குழுவை நடத்தும் சார்ஜன் ரோஸ்லான் என்னைக் கூப்பிட்டார். குழுவில் நான் ஒருவன்தான் தமிழன். "உன் ஆட்களிடம் நீயே பேசு. டீ போதும், சோறு வேண்டாம்," என்று மலாயில் சொன்னார். அதுவரை லோரியில் மேளம் ஏற்றுவதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இதை ஒழுங்காக முடித்தால் நானும் குழுவில் ஓர் ஆள் ஆகிவிடுவேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவருக்குப் போன் போட்டேன்.

"சோறு வேணாமா? ஏன் தம்பி, நம்ம ஸ்கூல்ல சாப்பிட மாட்டாங்களா?" தலைவரின் குரல் மாறிவிட்டது.

"அப்படி இல்ல அங்கிள். ஆர்மி ரூல் லா." (பாதி உண்மை.)

ஒருவழியாக ஒப்புக்கொண்டார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கிள்ளானிலேயே இருக்கும் அம்மாவிடம் அன்று மாலை போனில் இந்தச் சாமர்த்தியத்தைப் பீற்றிக்கொண்டேன். அலவன்ஸ் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அம்மா "ம்" என்றார். அவ்வளவுதான்.

விழா நாளில் வாசித்து முடித்து நாங்கள் ரொட்டியைப் பிரிக்கும் நேரம், பள்ளி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுச்சேலையில் அம்மா இறங்கினார். அவருக்குப் பின்னால் சட்டி சட்டியாகப் பிரியாணி இறங்கியது.

"என்னாம்மா இது?"

"நம்ம ஊருக்கு வந்துட்டு உன் ஆளுங்க வெறும் டீயக் குடிச்சிட்டுப் போவாங்களா? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பாசாருக்குப் போறது?"

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "அவங்கல்லாம் முஸ்லிம்மா. நம்ம வீட்டுச் சமையல சாப்பிட மாட்டாங்க."

"எனக்குத் தெரியாதா? மாமாக் சாப்பாட்டுக் கடை பாய்கிட்டதான் ஆர்டர் குடுத்தேன். ஹலாலு. அவரே வந்து பரிமாறுறாரு."

சார்ஜன் சட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சட்டிகளைப் பார்த்தார். "பள்ளி போட்டால்தான் வெட்டு. இது உன் அம்மா போடுவது. சொந்த விஷயம்," என்று தீர்ப்புச் சொன்னார். ரொட்டிகள் பைக்குள் திரும்பின. யாரோ என் முதுகில் தட்டினார்கள். என்னைப் பெற்றவரை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் நம் ஆட்களிடம் ஒரு மூட்டை அரிசி உபயம் கொடுத்தாலும் மைக்கில் சொல்லியே தீருவார்கள். தலைவர் அம்மாவிடம் பெயர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு அன்றைக்கென்று அடக்கம் வந்துவிட்டது. "என் பேரு எதுக்குங்க, ஸ்கூல் பேர்லயே சொல்லிடுங்க."

சிறப்பு விருந்தினராக வந்திருந்த எங்கள் மேஜருக்கு மரியாதையாக, தலைவர் அதை மலாயிலும் சொன்னார். "ராணுவ பேண்டு குழுவினர் அனைவருக்கும் இன்று மதிய உணவு வழங்குவது நம் பள்ளி." பலத்த கைத்தட்டல். மேஜர் திரும்பிப் பார்த்தார். சார்ஜன் பதறி எழுந்து சல்யூட் அடித்தார், கையில் கோழிக்காலோடு.

"சாப்பாடு பள்ளியே போட்டுவிட்டதா? மிக நல்லது, சார்ஜன்," என்றார் மேஜர். மறுக்க முடியுமா? சார்ஜனின் நெற்றியில் மசாலா ஒட்டியிருந்தது.

திரும்பும்போது துறைமுகத்துக்குப் பிரியும் சாலையை எங்கள் லோரி நிற்காமல் தாண்டியது. அலவன்ஸோடு சுட்ட மீனும் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெகு நேரம் கழித்து சார்ஜன், "உன் அம்மாவிடம் சொல்," என்று ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பிரியாணி நன்றாக இருந்தது." லோரியே குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் குழுவில் ஓர் ஆள். பெயர் மட்டும் பிரியாணி.

பிற்பாடு கிள்ளானில் என் கல்யாணத்துக்குக் குழு முழுவதும் லீவு போட்டு வந்தது. பந்தியில் உட்காரும் முன் சார்ஜன் நேராக மேடைக்குப் போய், மைக்கை அணைத்துவிட்டு வந்தார். காரணத்தை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பேண்டு வாசித்து அவருக்குக் காது கெட்டுவிட்டது, மைக் சத்தம் ஆகாது என்று புளுகிவிட்டேன். எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர எல்லோருக்கும் உண்மை தெரியும். சார்ஜன் இன்றும் வீட்டுக்கு வருவார். பாவம் மனுஷன் என்று அம்மா அவர் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்: "சாப்பிட்டீங்களா?"