தாஸிம் சேரின் மூன்று வருட மேற்பார்வை

ரொட்டியின் கடைசித் துண்டைப் பருப்புக் கறியில் தோய்க்கும்போதுதான் தாஸிமின் போன் அடித்தது. பேசியது அலுவலகத்து அஸ்ஃபர்; அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவான்.

"எங்க ஈக்கிறீங்க நானா?"

"ஸ்கூல் விசிட்ல," என்றார் தாஸிம், வாய் நிறைய ரொட்டியோடு.

அவர் பள்ளிக்கூடங்களை நேரில் போய் மேற்பார்வை செய்யவேண்டிய உதவிக் கல்விப் பணிப்பாளர். அவருடைய விசிட் எல்லாம் கண்டி டவுனில் இந்தச் சாப்பாட்டுக் கடையோடு முடிந்துவிடும். அறிக்கை மட்டும் மலையேறி இறங்கிய களைப்போடு மாதாமாதம் வெளிவரும்.

"அப்ப நல்லதாப் போச்சு! நம்ம ஆக்கள் மெய்யாவே ஸ்கூலுக்குப் போறாங்களான்னு பார்க்க மினிஸ்ட்ரிலேருந்து ஒருத்தர் வந்தீக்கிறார். நீங்க இன்டைக்கு அம்பிட்டிய மலை ஸ்கூல்லன்னு சொல்லி, அங்கயே அனுப்பிட்டேன்."

ரொட்டி தொண்டையில் நின்றது.

தாஸிம் பாய்ந்து ஓர் ஆட்டோவில் ஏறினார். பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. நல்லவேளை, ஆட்டோக்காரருக்குத் தெரிந்திருந்தது.

வாசலில் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை, அதிபர் யசோதா நின்றார். "நீங்க யாரு?"

"நான்தான் தாஸிம்!"

"அட, நீங்களா சேர்! கையெழுத்தை நல்லாத் தெரியும். முகத்தை இப்பதான் பார்க்கிறேன்."

"டீச்சர், ஒரு உதவி. நான் மூணு வருசமா இங்க வந்து போறேன்னு சொல்லணும்."

யசோதா யோசித்தார். "கணக்குக்கு டீச்சரே இல்ல சேர்."

"ரெண்டு பேர் தாறேன்!"

அடுத்து வகுப்புக்குள் ஓடினார். "பிள்ளைகளே, என்னைத் தெரியுமான்னு கேட்டா, தெரியும்னு சொல்லணும். சரியா?"

சொல்லி முடிக்கவும் சேதுராமன் குடையோடு உள்ளே வரவும் சரியாக இருந்தது. கொழும்பிலிருந்து வந்த கண்காணிப்பு அதிகாரி அவர்தான்.

"இந்த சேரைத் தெரியுமா?"

"தெரியும் சேர்!" கூரை அதிர்ந்தது.

"எப்பெப்ப வருவாரு?"

அதைத் தாஸிம் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளே பதில்களைத் தாராளமாக அள்ளிக் கொடுத்தார்கள்.

"டெய்லி!"

"ராத்திரியும் வருவாரு!"

"இங்கதான் தூங்குவாரு!"

சேதுராமனின் புருவம் உயர்ந்தது. "அப்படின்னா இந்தக் கட்டடத்தைப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரியணுமே. ஜன்னலுக்கு ஏன் கம்பிவலை?"

"குரங்குத் தொல்லை சேர்! மூணு வருசத்துக்கு முந்தி நான்தான் அடிக்க வச்சேன்."

யசோதா இருமினார்.

"கூரை ஏன் இவ்வளவு தாழ்வா இருக்கு?"

"மலைக்காத்து தூக்கிடும்ல? நான்தான் இறக்கச் சொன்னேன்."

யசோதா பலமாக இருமினார்.

"அந்த நீளத் தொட்டி?"

"பிள்ளைகள் வரிசையா நின்னு கை கழுவ. அதுவும் என்னோட ஐடியாதான்!"

யசோதாவுக்கு இருமல் அடங்கவே இல்லை. "டீச்சருக்குச் சுடுதண்ணி குடுங்க யாராவது," என்றார் தாஸிம், பெருந்தன்மையோடு.

சேதுராமன் உருகிப்போனார். தாஸிமின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இப்படி ஒரு அதிகாரியா! விருதுக்கு உங்க பேரைத்தான் சொல்லப்போறேன். டவுன்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு அறிக்கை எழுதுற ஆக்களுக்கு உங்களைக் காட்டணும்."

தாஸிமின் கண்கள் கலங்கின. தான் மூன்று வருடமாக இங்கே வந்து போனதை அந்த நிமிடத்தில் அவரே நம்பிவிட்டார்.

அப்போது பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடும் இரத்தினம்மா தேநீர்த் தட்டோடு வந்தார். அடுத்த வீட்டுக்காரர். இந்த இடமும் அவர்களுடையதுதான் என்று யசோதா அறிமுகப்படுத்தினார்.

சேதுராமன் பூரிப்போடு திரும்பினார். "அம்மா, இந்த சேர் மூணு வருசமா இந்தக் கட்டடத்துக்கு ராத்திரி பகல் பார்க்காம வந்து போயிருக்காரு. தெரியுமா?"

இரத்தினம்மா தட்டை டக்கென்று மேசையில் வைத்துவிட்டுத் தாஸிமை மேலும் கீழும் பார்த்தார்.

"மண்ணு சரிஞ்சு ஸ்கூல் இங்க மாறி வந்ததே போன மாசந்தானேங்கய்யா! அதுவரைக்கும் இது எங்க கோழிப் பண்ணை. அப்ப, மூணு வருசமா முட்டை களவெடுத்தது இவருதானா?"