டக்கொலி வதைப் படலம்

வாழ்க ஓரெஸ்ட் பவ்லிஷின்! சஸ்காச்சுவான் சமவெளியின் தனிப்பெருந்தலைவ! கோதுமைக்கடல் சூழ் சிற்றூரின் கொற்றவ! மூக்குநுனி உறையும் குளிரிலும் தொப்பியின் காதுமடலை இறக்காத தீர! துருவேறிய உன் நீலத்தேரின் வயிற்றில் ஒளிந்திருந்த கொடும்பகையை நீ தேடித் துரத்திய திறத்தைப் பாடப் புகுந்தேன். நாமகளே, என் நாவில் வந்து அமர்க. கையுறை போட்டுக்கொண்டு வா தாயே, வெளியே குளிர் கொல்கிறது.

முதற்பனி விழுமுன் அவ்வூரார் ஆண்டுதோறும் செய்யும் குளிர்கால வேள்வியை நம் வீரரும் குறைவறச் செய்தார். ஆயில் மாற்றினார், உறையாநீர் வார்த்தார், பனிச்சக்கரங்களைப் பூட்டினார், நடுவழியில் பனியில் சிக்கினால் உதவட்டுமென்று டிக்கியில் மண்வெட்டியும் மெழுகுவர்த்தியும் வைத்தார். நிறைவாக, இன்ஜினைச் சூடாக்கும் ஒயரைத் தேரின் வாய்வழி வெளியே இழுத்துவிட்டார். இரவெல்லாம் மின்சாரத்தில் வெதுவெதுப்பாக வைக்காவிட்டால் அந்நாட்டுத் தேர் எதுவும் காலையில் கண் விழிக்காது. அன்று மாலை தேர் ஓடுகையில்தான் அந்த ஒலி பிறந்தது. டக். டக்டக். டக்.

மனைவி மார்லீன் ஆணை பிறப்பித்தாள்: "இந்தா பாரு ஓரெஸ்ட், இந்த டக்குடக்கோட சனிக்கிழமை எங்க அக்கா வீட்டுக்கு நான் வரமாட்டேன். நடுரோட்டுல நின்னுச்சுன்னா எவன் வந்து தூக்குவான்? பேசாம பழைய இரும்புக்குப் போடு."

இரும்புக்கா! தன் உயிரினும் இனிய தேரையா! வீரரின் மீசையில் உறைந்திருந்த பனி படபடவென உதிர்ந்தது. "சனிக்கிழமை இந்த வண்டியில சின்னச் சத்தம் கேட்டாலும், என் வாயாலயே இரும்புக்காரனைக் கூப்பிடுறேன். பார்த்துக்க!" என்று சூளுரைத்தார். ஐயோ, இந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காதே.

காப்பிக்கடையில் மந்திராலோசனை கூடிற்று. பக்கத்து வீட்டுக் கோர்டு, பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கிவிடும் ஆட்டத்தில் ஊரணித் தலைவர், முதலில் வாய் திறந்தார். "எப்படிக் கேக்குது? டொக்... டொக்...னா?"

"டொக் இல்லப்பா, டக்!"

"டக்குன்னா பேரிங் போச்சு."

"போடா, பேரிங்னா உய்ங்ங்னு அழும்," என்றார் பன்றிப்பண்ணை வில்ஃப். "இது பால் ஜாயின்ட். கடகடகட!"

மூவரும் மாறி மாறி டொக்கியும் உய்ங்கியும் கடகடத்தும் கடையே அதிர, பரிமாறும் பெண் காப்பிக் கெண்டியோடு தள்ளியே நின்றாள்.

அதன்பின் மூண்டது பெரும்போர். ஸ்பேனர் ஏந்திய தடக்கையர், எண்ணெய் பூசிய திருமுகத்தர், தேரின் கீழே மல்லாந்து கிடந்து, பேரிங்கை மாற்றி, பால் ஜாயின்டை மாற்றி, முறுக்கத்தக்க யாவற்றையும் முறுக்கி, முறுக்கத்தகாதவற்றையும் முறுக்கி, முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, உக்ரேனிய மொழியில் தம் பாட்டன் திட்டிய திட்டுகளையெல்லாம் திட்டித் தீர்த்து எழுந்தார் நம் வீரர். டக், என்றது தேர்.

இறுதியில் மார்லீன் தேரோட்ட, வீரர் குனிந்தபடி அதன் பக்கத்திலேயே, சக்கரத்தருகே செவி சாய்த்து ஓடலானார். தெருவே திரைச்சீலை விலக்கிப் பார்த்தது. "நல்லா ஓடு ஓரெஸ்ட், தொப்பை கரையும்!" என்றார் கோர்டு. அப்போது கண்டார் பகைவனை! தேரின் வாயிலிருந்து தொங்கிய ஒயரின் பிளக், குழிதோறும் ஆடிப் பம்பரில் மோதிற்று. டக்! தாமே இழுத்துவிட்ட ஒயர்! பாய்ந்து பற்றினார், சுருட்டினார், கம்பிவலைக்குள் திணித்தார். ஒலி மாண்டது. வானவர் பூமாரி பொழிந்தனரோ எனப் பனி பொழிந்தது.

சனிக்கிழமை விடிந்தது. கோட்டு பூண்டு, தொப்பி சூடி, முட்டைக்கோஸ் உருண்டைத் தட்டை மடியில் ஏந்திய மார்லீனைத் தம் பக்கத்தில் இருத்தி, "கேளு, ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று இறுமாந்து, இரவெல்லாம் மின்சாரம் பருகி வெதுவெதுத்த தேரைக் கிளப்பி, அமைதியே உருவாக வாசல் கடந்து தெருவில் திரும்பினார் பகையொழித்த பவ்லிஷின்.

பட்டீர்! சர்ர்ர்ர். கடமுடா. கடமுடா.

"ஓரெஸ்ட்!" என்று தம் வீட்டு வாசலிலிருந்து கத்தினார் கோர்டு. "வீட்டையும் கூட்டிக்கிட்டா போற?"

வீரர் இறங்கிப் பார்த்தார். இரவெல்லாம் தேருக்கு மின்சாரம் ஊட்டிய ஆரஞ்சு ஒயர் அதன் அடியிலிருந்து நீண்டு கிடந்தது. அதன் நுனியில் பிளக்குப் பெட்டி, பெட்டியோடு வீட்டுச் சுவரின் ஒரு துண்டுப் பலகை. பிளக்கைப் பிடுங்காமலே தேரை எடுத்துவிட்டார் தீரர். மார்லீன் தட்டை இறக்கி வைத்தாள், கைப்பையைத் திறந்தாள், போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சொன்னியே, கூப்பிடு."

இரும்புக்காரர் திங்கட்கிழமை வருகிறேன் என்றார்.