சார்ஜ்மேன் அண்ணன் கேட்காத வேலை

உலகத்தில் வேலை தேடி அலைந்தவர்கள் கோடிப் பேர் இருக்கலாம். ஆனால் வேலை என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் வேலை தேடிய ஒரே ஆள் எங்கள் சார்ஜ்மேன் அண்ணன்தான். இதை நான் எங்கு வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். அவர் சொல்லச் சொல்ல அத்தனை ஈமெயிலையும் தட்டி விரல் தேய்ந்தவள் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மஸ்ஜித் தானா என்ற சிற்றூரில், ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில், சைபர் கஃபே ஒன்று நடத்திக்கொண்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் முகம் தெரியாத பெண்ணிடம் சாட் செய்ய வரும் இளவட்டங்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு சனிக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையும் நெற்றி நிறைய திருநீறுமாக ஒருவர் வந்து நின்றார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

“இது எதுக்குண்ணே?”

“மொத மொத பத்து பேர பாக்கப் போறோம். வெறுங்கையோட போவலாமா தங்கச்சி?” என்று பழத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் பயபக்தியோடு வைத்தார்.

சார்ஜ்மேன் என்றால் தொழிற்சாலையின் மின்சார அறைக்குப் பொறுப்பாளர், சான்றிதழ் வாங்கிய ஆள். அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டியே “சார்ஜ்மேன், சோறு ஆறுது” என்றுதான் கூப்பிடுவார். பொருளாதாரம் குப்புற விழுந்த நேரத்தில் அவருடைய தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். தீபாவளிக்குள் வேறு வேலை அமையாவிட்டால் சிம்பாங் அம்பாட் வீட்டைக் காலி செய்துவிட்டு ஜொகூருக்குப் போகவேண்டும். அங்கே மச்சான் கார் கழுவும் கடை வைத்திருந்தார். மச்சானுக்குக் கீழே வேலை! “அவன் விசில் அடிச்சி கூப்புடுவான் தங்கச்சி. நான் வாளிய தூக்கிட்டு ஓடணும்” என்று சொல்லும்போது மட்டும் மனிதருக்குக் குரல் இறங்கிவிடும்.

மின்சார வேலைக்காரர்களும் இஞ்சினியர்களும் ஈமெயிலில் பேசிக்கொள்ளும் ஒரு குழு இருந்தது. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். எங்கே ஆள் தேவை என்பதும் அதிலேயே வரும். அதில் அவரைச் சேர்த்துவிட்டேன். “சொல்லுங்கண்ணே. எத்தன வருஷ அனுபவம், என்ன சர்ட்டிபிகேட்?”

அவர் தொண்டையைக் கனைத்தார். “எழுது. எல்லாருக்கும் வணக்கம். எல்லாரும் சாப்பிட்டாச்சா? வீட்டுல பெரியவங்க சொகமா?”

“அப்புறம்?”

“அவ்ளோதான். இப்படிக்கு சார்ஜ்மேன்.”

“அண்ணே, வேல வேணும்னு எழுத வேணாமா?”

நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். “மொத தடவ ஒரு வீட்டுக்குப் போறோம். உக்காந்த ஒடனே கைய நீட்டுவியா? நாலு தடவ போவணும், வரணும், பழகணும். அப்புறம் கெளம்பறப்போ, செருப்ப மாட்டிக்கிட்டே, ‘அப்புறம் ஒரு விசயம்’னு ஆரம்பிக்கணும். அதான் மொற.”

“இது வீடு இல்லண்ணே, இன்டர்நெட்டு.”

“உள்ள இருக்கறது மனுசங்கதானே லா?”

அனுப்பித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் ஒரு சீப்பு பழத்தோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு கம்பெனியின் சூப்பர்வைசர், மலாயில் ‘ஐயா’ என்ற மரியாதை சேர்த்து என்சிக் ஜமால் எனப்படுபவர், மழை பெய்தால் பிரேக்கர் விழுந்து கரண்ட் போகிறது, என்ன செய்யலாம் என்று குழுவில் கேட்டிருந்தார். ஆளாளுக்குப் படம் போட்டு விளக்கினார்கள். நம்மவர், “மழையில் நனையாதீர்கள். பிள்ளைகள் எத்தனை?” என்று எழுதச் சொன்னார். அந்த மனிதரும், ஐந்து பிள்ளைகள், கடைக்குட்டிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பதில் போட்டார். அவ்வளவுதான், பிரேக்கர் எக்கேடும் கெடட்டும் என்று வேப்பிலையைப் பற்றி ஒரு பக்கம் போனது.

குழுவை நடத்துகிறவர், இது தொழில் பேசும் இடம், சொந்த விசாரணை வேண்டாம் என்று கடுமையாக எழுதினார். எனக்கு மானம் போயிற்று. அண்ணனோ, “பாவம், மனுசனுக்கு வீட்டுல ஏதோ பிரச்சின. வெசாரிச்சி எழுது” என்றார். விசாரித்தோம். உண்மையிலேயே அவருடைய மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தாராம்! அதற்குப் பிறகு அவர் எங்களைத் திட்டியதே இல்லை.

தீபாவளி நெருங்கிய சமயம் ஜமாலிடமிருந்து குழுவுக்கு ஒரு ஈமெயில் வந்தது. சுங்கை ஊடாங்கில் சார்ஜ்மேன் தேவை, விருப்பமுள்ளவர்கள் எழுதலாம். நான் நாற்காலியை விட்டே துள்ளிவிட்டேன்.

“அண்ணே! அரை மணி நேரத்துல போயிட்டு வர்ற எடம். சொல்லுங்க, எழுதறேன்!”

அவர் கண்ணை மூடி யோசித்தார். “எழுது. உங்கள் கம்பெனி வளர்வதில் ரொம்ப சந்தோசம். சின்னவனுக்குத் தழும்பு மறைஞ்சிதா?”

“அண்ணே!”

“அவரே வாயத் தொறந்து ஆள் வேணும்னு சொல்றாரு. ஒடனே நான் பாஞ்சா, இத்தன நாளு இதுக்குத்தான் கொழந்தைய வெசாரிச்சான்னு நெனைக்க மாட்டாரு?”

அன்றைக்கு வாழைப்பழச் சீப்பைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். நல்ல வேளை, பாதியைத் தின்றுவிட்டிருந்தேன்.

அதோடு விட்டாரா? குழுவில் இருந்த அத்தனை பேரையும் யாரும் வந்து சாப்பிடலாம் என்று வீட்டைத் திறந்துவைக்கும் தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்குக் குடும்பத்தோடு அழைக்கச் சொன்னார். ஒருவரைக் கூப்பிட்டு ஒருவரை விட்டால் மனஸ்தாபம் வருமாம். ஆஸ்திரேலியாவில் இருந்த ஒருவர், வர இயலாது, மன்னிக்கவும் என்று எழுதினார். “ஒரு தடவ கூப்பிட்டா யாரு வருவா? மறுபடி கூப்பிடு” என்றார் அண்ணன்.

தீபாவளியன்று போனால், அண்ணன் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பின் சந்து முழுக்கக் கார். பினாங்கிலிருந்துகூட வந்திருந்தார்கள். மலாய்க்கார விருந்தாளிகள் தயங்காமல் சாப்பிட வேண்டும் என்று கோழியை மலாய்க்காரர் கடையிலேயே ஹலாலாக வாங்கியிருந்தார் அண்ணி. அடுப்படியில் கரண்டியும் கையுமாக நின்றவர், என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார். “ஜொகூர்லேர்ந்து என் தம்பி அடுத்த வாரம் சாமான் ஏத்த லோரி அனுப்பறேன்னுட்டான் தங்கச்சி. இந்த மனுசன் இன்னும் முறுக்கு நல்லாருக்கான்னு கேட்டுக்கிட்டு நிக்குது.”

எனக்கு வந்ததே கோபம்! அண்ணனைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். “ஜமால் அங்கதான் உக்காந்திருக்காரு. நாலு தடவ இல்ல, நாப்பது தடவ பழகியாச்சி. இப்பவாவது கேளுங்க.”

“இப்பவா? ஐயோ, நம்ம வீட்டுல கை நனைச்சிட்டாரு தங்கச்சி. இப்ப கேட்டா, போட்ட சோத்துக்குக் கூலி கேட்ட மாதிரி ஆவாது?”

விருந்தாளியாகப் போனாலும் கேட்கக் கூடாது, விருந்தாளி வந்தாலும் கேட்கக் கூடாது. அப்படியானால் மனிதன் எப்போதுதான் வேலை கேட்பது? நான் தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

ஜமால் கிளம்பிவிட்டார். அண்ணன் ஒரு பை முறுக்கைத் திணித்து கேட் வரைக்கும் கூட வந்தார். ஜமால் ஒரு காலில் சப்பாத்தை மாட்டினார். அடுத்த சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“அபாங், ஒன்று கேட்கவேண்டும். எழுதிக் கேட்க வெட்கமாக இருந்தது” என்று மலாயில் அண்ணன் முறை வைத்து இழுத்தார். “அன்று சார்ஜ்மேன் தேவை என்று போட்டேனே, உங்களை நினைத்துத்தான் போட்டேன். நீங்கள் என் மகனுடைய தழும்பைக் கேட்டு எழுதினீர்கள். சரி, மனம் நோகாமல் மறுக்கிறார், நல்ல இடத்தில் இருக்கிறார்போல என்று விட்டுவிட்டேன். இன்னும் சரியான ஆள் அமையவில்லை. நீங்கள் வர முடியுமா?”

அண்ணனின் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் ஆள் விடவில்லை. நிமிர்ந்து நின்று நிதானமாகச் சொன்னார்:

“வீட்டுல கலந்து பேசிட்டு சொல்றேன்.”

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அடுப்படி ஜன்னலிலிருந்து அண்ணியின் குரல் சந்தே அதிரும்படி வந்தது. “போலே, என்சிக்! போலே! முடியும்! பேசியாச்சி! நாளைக்கே வருவாரு!”

ஜமால் சிரித்த சிரிப்பில் சப்பாத்து கீழே விழுந்தது.

அடுத்த வாரமே அண்ணன் சுங்கை ஊடாங்கில் வேலைக்குச் சேர்ந்தார். ஷிப்ட் வேலை, சனிக்கிழமை லீவு கிடையாது. அந்த முதல் சனிக்கிழமை என் கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கீழே தெருவில் மோட்டார் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும், வருகிறவர்களைக் காக்க வைத்துவிட்டு, ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.