மீசையும் மூன்று பக்க வாக்குமூலமும்

சலூன்காரருக்குக் கைவேலை சுத்தம். வாய்தான் சும்மா இருக்காது. அன்று மச்சினனின் வண்டவாளத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவர், சுவையான கட்டத்தில் கையை லேசாக வீசிவிட்டார். நாற்காலியில் இருந்தவரின் மீசையில் வலது நுனி தரைக்கு வந்தது.

கடைக்கு அன்றுதான் முதல்முறை வந்த மனிதர். கண்ணாடியைப் பார்த்தார். கோபப்படவில்லை. சலூன்காரர் அவசரமாகக் கத்தரியை நெருக்கினார்.

“ஒரு நிமிஷம் சார், சமமாக்கிடறேன்.”

இடது பக்கத்தைக் குறைத்தார். அது கூடுதலாகக் குறைந்தது. வலது பக்கத்துக்குத் திரும்பினார். இப்படியே நியாயம் வழங்கியதில், கடைசியில் இரண்டு பக்கமும் சமம்தான்; மீசைதான் இல்லை.

“நாளைக்கு அங்க போனா ஒருத்தருக்கும் என்னை அடையாளம் தெரியாது” என்றார் அவர் மெதுவாக.

“காசு வேண்டாம் சார். வாசல்ல நாலு பேர் பார்த்துச் சிரிப்பாங்க, பின்பக்கமாப் போயிடுங்க.”

மறுநாள் காலை, சலூன்காரர் கடைக்குப் போன பேருந்து போலீஸ் ஸ்டேஷன் எதிரே சிக்னலில் நின்றது. அறிவிப்புப் பலகையில் அதே முகம், முழு மீசையோடு. கீழே சிவப்பில் பெரிதாக, ‘உடனே தொடர்பு கொள்ளுங்கள்’. பொடி எழுத்தைப் படிப்பதற்குள் பேருந்து நகர்ந்துவிட்டது. படிக்க வேறு என்ன இருக்கிறது? தேடப்படுகிறவனுக்கு வேஷம் மாற்றி, பின்வாசல் வழியாக வழியனுப்பியும் வைத்திருக்கிறார்.

கடைக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

“ஏங்க, மொதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க” என்றாள் மனைவி.

“தப்பு பண்ணவன்தான் வக்கீலைத் தேடுவான். நான் போய் உள்ளதைச் சொல்லப் போறேன்.”

“உங்களுக்கு உள்ளதோட நிறுத்தத் தெரியுமா?”

அவர் காதில் வாங்கவில்லை. கடைக்குப் போய், குப்பைக்கூடையிலிருந்து முடியைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டார். அதில் இன்னும் மூன்று பேருடைய முடியும் இருந்தது. பலகைப் பக்கம் பார்த்தால் சந்தேகப்படுவார்கள் என்று தலையைக் குனிந்தபடியே ஸ்டேஷனுக்குள் நுழைந்தார்.

“ஐயா, நீங்க தேடுற ஆளோட மீசை” என்று கவரை மேஜைமேல் வைத்தார்.

ஏட்டையா நிமிர்ந்தார். “நாங்க நாலு பேரைத் தேடுறோம். இது யாரோடது?”

“மீசை வெச்சவரு.”

“நாலு பேருக்கும் மீசை.” ஏட்டையா பேனாவைத் திறந்தார். “எவ்வளவு வாங்கினீங்க?”

“சத்தியமா ஒரு காசு வாங்கலை.”

“அப்ப வேண்டியவன்.” எழுதிக்கொண்டார். “எந்தப் பக்கமாப் போனான்?”

“பின்பக்கமா. நான்தான் அனுப்பினேன்.”

“கவர்ல நாலு நிறத்துல முடி இருக்கே. அப்ப நாலு பேரும் உங்ககிட்டதான் வந்திருக்காங்க.”

“இல்லைங்க, ஒண்ணு என் மச்சினனோடது” என்றவர், கேட்காமலே மச்சினனின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று பக்கம் நிரம்பியது. கடைசியில் கையெழுத்தும் போட்டார்.

“என்னை உள்ள வெச்சிடுவீங்களா ஐயா?”

“இன்ஸ்பெக்டர் வரட்டும்.”

“வக்கீலைப் பார்க்கணுமா?”

“அது உங்க இஷ்டம்.”

பெஞ்சில் உட்கார்ந்தார். பூட்டிய கடையையும், வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனைவியையும் நினைத்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார்.

வாசலில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் அதைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“அம்மா, நீங்களாவது நேரா ஒரு பதில் சொல்லுங்க. வெளியில படம் ஒட்டியிருக்கீங்களே, மீசைக்காரரு, அவர் அப்படி என்னதான் பண்ணினாரு?”

“அவரா? அவர் இலவச வக்கீல்ண்ணே. இங்க வந்து வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அவரைக் கூப்பிடணும்னுதான் படத்தோட நம்பரும் போட்டு ஒட்டியிருக்கோம்.”