டார்க் ரூம் அண்ணன் தொட்ட இடம்

டார்க் ரூம் அண்ணனைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பேய்க்குப் பயந்ததாகச் சரித்திரமே கிடையாது. பேய் எம்மாத்திரம்! இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நல்லூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார். ஃபிலிம் கழுவும் இருட்டறையிலேயே கிடந்ததால் அந்தப் பெயர். முகத்தை வைத்து அவருக்கு ஆளே தெரியாது, எலும்பை வைத்துத்தான். டீக்கடையில் ஒருவரின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்து, "நீங்க அந்த ரெண்டு துண்டுதானுங்களே?" என்று விசாரித்தார். அந்த மனிதர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நான் அப்போது பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்திரி பிடிக்கிற வலது கைதான் எனக்குச் சோறு. ஒரு மத்தியானம் ஈரத் தரையில் வழுக்கி, அந்தக் கையை ஊன்றி விழுந்தேன். எங்கள் கம்பெனிகளில் எல்லா வலிக்கும் ஒரே வைத்தியம்தான்: பனியன் வேஸ்ட் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மறுபடி மேசைக்குப் போவது. நானும் சுற்றிக்கொண்டு போனேன். கத்திரியைத் தூக்கியதும் அது நழுவி விழுந்தது. ஓனரே வண்டியில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார்.

படத்தைப் பார்த்த டாக்டர், "சுளுக்குத்தான், வேலைக்குப் போலாம்" என்றார். எனக்குக் கொண்டாட்டம். வெளியே வந்தால் அண்ணன் வழிமறித்து நின்றார். என் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியில் ஐஸ் மாதிரி ஒரு விரலை வைத்து அழுத்தினார். அலறிவிட்டேன்.

"உள்ளார ஒருத்தன் ஒளிஞ்சிருக்கானுங்க. நேராப் பாத்தா சிக்கமாட்டான். வாங்க."

"டாக்டரே ஒண்ணுமில்லீனுட்டாருங்களே!"

"இப்புடியே உட்டா அந்த எலும்பு செத்துப்போயிருமுங்க. அப்பறம் கத்திரியை மறந்துற வேண்டீதுதான்."

கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து இன்னொரு படம் எடுத்தார். ஃபிலிம் காய்கிற வரை காத்திருக்கும் வழக்கமெல்லாம் அவரிடம் இல்லை. என்னையும் இருட்டறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். சிவப்பு விளக்கு. மருந்து நாற்றம். மருந்துத் தட்டில் போட்ட ஃபிலிமில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒவ்வொரு விரலாக, சதையில்லாத ஒரு கை மேலே வந்தது. என் கைதான், நான் செத்த பிறகு இருக்கப்போகிற கை.

"வந்துட்டானுங்க" என்று காதருகே கிசுகிசுத்தார். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு குட்டி எலும்பின் குறுக்கே நூலிழை போல ஒரு விரிசல்.

ஃபிலிமை இன்னொரு மருந்தில் முக்கியெடுத்து, சொட்டச் சொட்ட டாக்டரிடம் ஓடினார். அரை மணி நேரத்தில் மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள்.

பல வாரம் கழித்துக் கட்டைப் பிரித்த அன்று, இருட்டறை வாசலில் போய் நின்றேன். கதவு இடுக்கிலிருந்து ஒரு விரல் மட்டும் நீண்டது.

"புடிச்சுப் பாருங்க."

பிடித்தேன்.

"இன்னும் இறுக்கி."

பலம்கொண்ட மட்டும் இறுக்கினேன். இருட்டுக்குள் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சில்லிட்ட விரலை விட எனக்கு மனசே வரவில்லை.