பந்திக் குருவைப் பதவி நீக்கிய வரலாறு

ஹாலிங் ஏரி லூத்தரன் பள்ளியின் சமையலறைப் பொறுப்பாளர் லோவெல் ஃபிஸ்கம், படகு மோட்டார் பழுதுபார்க்கும் வாரனைத் திருமணம் செய்துகொண்டார் என்ற செய்தி, இருவரும் ஒரே நிற டை கட்டி நிற்கும் படத்தோடு எங்கள் வட்டாரப் பத்திரிகையில் வெளிவந்தது. பக்கத்திலேயே உறைந்த ஏரியில் மீன்பிடித்துப் பரிசு வாங்கியவரின் படமும் இருந்தது. அன்று அந்த மீனைப் பற்றி ஊரில் ஒருவரும் பேசவில்லை.

லோவெலும் வாரனும் ஒரே வீட்டில் இருப்பது ஊருக்குப் புதிய செய்தி அல்ல. மின்னசோட்டாவின் குளிரில் இரண்டு பிரம்மச்சாரிகள் ஹீட்டர் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பல வருஷங்களுக்கு முன்பே நாங்கள் முடிவு செய்து, அந்த முடிவில் உறுதியாக இருந்தோம். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தேதான் எழுதுவோம். கோடையில் ஹீட்டர் தேவைப்படாதபோதும் அவர்கள் பிரியவில்லையே என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது எங்கள் ஊர் வழக்கம் அல்ல.

கல்யாணம் நடந்தது ஏரிக்கு அந்தக் கரையில் இருக்கும் இன்னொரு லூத்தரன் சபையில். அவர்களும் அதே வேதாகமத்தைத்தான் படிக்கிறார்கள். படித்துவிட்டு இப்படிப்பட்ட கல்யாணங்களையும் நடத்தி வைக்கிறார்கள். நாங்கள் படித்துவிட்டு நடத்தி வைப்பதில்லை. தவிர, அவர்கள் போடும் காபி வெறும் தண்ணீர். நான் ஆர்டிஸ். இதே பள்ளியில் அலுவலகத்தைக் கவனித்துக்கொண்டேன், நிர்வாகக் குழுவின் கூட்டங்களுக்குக் குறிப்பும் எழுதினேன், காபியும் போட்டேன். ஆகவே காபியைப் பற்றி என் கருத்தைத் தாராளமாக நம்பலாம்.

கனம் பொருந்திய நிர்வாகக் குழு அவசரமாகக் கூடியது. தலைவர் வெர்லின் ஷுல்ட்ஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த விஷயம் எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறேன்."

"எந்த விஷயம்னு எழுதிக்கணும்?" என்று கேட்டேன்.

"அந்த விஷயம்னே எழுதிக்கோ ஆர்டிஸ்."

எழுதிக்கொண்டேன்.

"அவங்க வீட்டுக்குள்ள எப்படி இருந்தா நமக்கென்ன? பேப்பர்ல போட்டுட்டாங்களே! இனிமே தெரியாத மாதிரி எப்படி இருக்கறது?" என்றார் வெர்லின். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. லோவெல் மேல் யாருக்கும் கோபம் கிடையாது. கோபம் இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

போதகர் டேல் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வேதம் சொல்றதை நான் மாத்த முடியாது. அது எனக்குத் தெளிவாத்தான் இருக்கு. ஆனா எங்க அம்மா செத்தப்ப மூணு நாளும் எங்க வீட்டு அடுப்பைப் பாத்துக்கிட்டது லோவெல். அதுவும் எனக்குத் தெளிவா ஞாபகம் இருக்கு."

இரண்டு தெளிவுகளை வைத்துக்கொண்டு ஒரு குழு என்ன செய்யும்? மினியாபொலிஸிலிருந்து ஒரு வக்கீலை அழைத்தது.

வக்கீல் பெயர் பிரைஸ். இளைஞர். எங்கள் பனிக்கு ஒத்துவராத மெல்லிய ஷூ போட்டிருந்தார்.

"இந்த மாநிலச் சட்டப்படி, ஒருத்தர் யாரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாருன்னு பாத்து வேலையை விட்டு எடுக்கறது வம்பு. கேஸ் போட்டா இழுத்துக்கிட்டே போகும்," என்றார். "ஆனா குருவா இருந்தா கவலையே இல்ல. ஒரு சபை யாரைக் குருவா வெச்சுக்குது, யாரை அனுப்புதுன்னு கோர்ட் கேக்காது. இவரு என்ன வேலை பாக்கறாரு?"

"நூடுல்ஸ் பண்றாரு," என்றார் வெர்லின்.

"ஜெபம் பண்றாரா?"

"மத்தியானம் மணி அடிச்சு, பிள்ளைங்களை ஜெபம் சொல்ல வெச்சுட்டுத்தான் தட்டைக் குடுப்பாரு."

"பாத்தீங்களா, விசுவாசத்தைக் கத்துக் கொடுக்கறாரு. முக்கால்வாசி குரு ஆயாச்சு. பாக்கி இருக்கறது பட்டம்தான். அதை நீங்க குடுத்துடுங்க."

போதகர் டேல் தலையை நிமிர்த்தினார். "இருங்க. அவருக்கு நாங்க குருப்பட்டம் குடுக்கணுமா?"

"ஆமா."

"இந்த மாதிரி உள்ளவங்களுக்குக் குருப்பட்டம் குடுக்கக் கூடாதுங்கறதுதானே எங்க சபையோட நிலை?"

"அதனாலதானே நீக்கப் போறீங்க!" என்றார் வக்கீல்.

இதில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எல்லோருக்கும் தோன்றியது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வக்கீலோ மேலும் ஒரு படி போனார். லோவெலுக்கு மட்டும் பட்டம் கொடுத்தால் கோர்ட்டுக்குச் சந்தேகம் வரும். ஆகவே பள்ளியில் வேலை பார்க்கும் அத்தனை பேருக்கும் கொடுத்துவிடுவதே உத்தமம் என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் நாங்கள் எல்லோரும் வரிசையாக மண்டியிட்டோம். பஸ் ஓட்டும் டுவேன் பயணக் குரு ஆனார். தரை துடைக்கும் மேவிஸ் தூய்மைக் குரு. வருகைப் பதிவேடு எழுதும் நான் வருகைக் குரு. லோவெல் பந்திக் குரு. போதகர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஆசீர்வதித்தார். லோவெல் தலைக்கு வந்தபோது கை கொஞ்சம் அதிக நேரம் அங்கேயே இருந்தது; போதகரின் கண்ணும் கலங்கியிருந்தது. வாரன் மூன்றாவது பெஞ்சில், பத்திரிகையில் வந்த அதே டையோடு உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து கீழே இறங்கினால், எல்லோருக்கும் கேக் தயாராக இருந்தது. அதைச் செய்ததும் லோவெல்தான்.

பட்டம் கிடைத்ததும் சிலருக்கு அது தலைக்கு ஏறிவிட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் தலை குனிந்து கண்ணை மூடினால்தான் டுவேன் பஸ்ஸை எடுப்பார். அவர் பார்க்கிறாரா என்று பார்க்க ஒருத்தன் கண்ணைத் திறப்பான், மறுபடி முதலிலிருந்து. பள்ளி தினமும் தாமதமாகத் தொடங்கியது. சேற்று பூட்ஸோடு வருகிறவர்களை மேவிஸ் வாசலிலேயே நிறுத்திப் பாவ அறிக்கை செய்யச் சொன்னாள். நான் அப்படியெல்லாம் இல்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று போன் செய்யும் தகப்பன்மார்களிடம், "ஒரு குருகிட்ட பேசறோம்கிற நினைப்போட சொல்லுங்க, மீன் பிடிக்கத்தானே கூட்டிட்டுப் போறீங்க?" என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் ஒப்புக்கொண்டார்கள்.

இதற்குள் எங்கள் சபைகளின் வட்டாரத் தலைவரிடமிருந்து வெர்லினுக்குப் போன் வந்தது. வெர்லின் அலுவலகத்தில் போனின் ஒலிபெருக்கிப் பொத்தானை அமுக்கிவிட்டுப் பேசும் பழக்கம் உள்ளவர், ஆகவே நான் கேட்க நேர்ந்தது.

"வெர்லின், நாங்க வருஷக்கணக்கா மாநாடு போட்டுக் கூடாதுன்னு சொல்லிட்டு வர்றதை, நீங்க ஒரு ஞாயித்துக்கிழமையில பண்ணி முடிச்சுட்டீங்களாமே?"

"நீக்கறதுக்காகத்தான் ஐயா பண்ணினோம்."

"சரி, எப்படி நீக்கப் போறீங்க? சமையல்காரரா இருந்தா நீயே நீக்கலாம். குருவை நீக்கறதுக்கு நம்ம சபை விதி என்ன சொல்லுதுன்னு படிச்சியா?"

படித்தோம். கர்த்தர் சொன்னபடியே எழுதப்பட்ட விதி. ஒரு குரு தவறினால், முதலில் ஒருவர் தனியாகப் போய் அவர் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் சபை முழுவதும் கூடியிருக்கும்போது எழுந்து நின்று சொல்ல வேண்டும். கோர்ட்டிலிருந்து தப்பித்து வந்து வேதாகமத்தில் மாட்டிக்கொண்டோம்.

வெர்லின் தனியாக லோவெல் வீட்டுக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து, கையில் துணி போட்டு மூடிய தட்டோடு திரும்பி வந்தார்.

"சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"உள்ளே நுழைஞ்சதுமே உட்காருன்னுட்டாரு. ருபார்ப் தண்டை மாவுக்குள்ள வெச்சுச் சுட்ட பை, அப்பத்தான் அடுப்பிலேருந்து எடுத்திருந்தாரு. ஆறிடும்ல?"

"அப்புறம்?"

"வாரன் என் படகு மோட்டாரைப் பத்திக் கேட்டாரு. ஏன் புகை வருதுன்னு கேட்டா சொல்லாம இருக்க முடியுமா? அப்புறம் இருட்டிடுச்சு."

"அந்த விஷயம்?"

"அது நடுவுல வரவே இல்ல, ஆர்டிஸ்."

சபைக் கணக்கில் முதல் படி முடிந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டோம். இரண்டாவது படிக்கு வெர்லினோடு போதகரும் டுவேனும் போனார்கள். மூன்று தட்டு வந்தது. வெர்லினின் மோட்டார் சரியாகிவிட்டது. டுவேன் அடுத்த வாரமும் போகலாமே என்றார். லோவெல் முட்டாள் இல்லை. அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் என்னிடம், "இன்னிக்கு யாராவது வர்றாங்களாமா, பை போடணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். சிரிக்காமல் கேட்பார். ஆனால் இளைத்துப் போயிருந்தார். வேலை போகுமா போகாதா என்று தெரியாமல் தினமும் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர் இளைக்கத்தான் செய்வார்.

மறுபடியும் வக்கீல் பிரைஸ் வந்தார். இந்த முறை பூட்ஸ் வாங்கியிருந்தார்.

"விதி இடைஞ்சலா இருந்தா விதியை மாத்திடுங்க," என்றார். "எந்தக் குருவையும், எப்ப வேணா, காரணம் சொல்லாம நிர்வாகக் குழு நீக்கலாம். அவ்வளவுதான். யாரும் யார் முகத்தையும் பாத்துப் பேச வேண்டியதில்ல."

அந்தக் கடைசி வாக்கியம் எங்களுக்கு நற்செய்தியாகக் கேட்டது. சபை கூடியது. விதியில் யார் பெயரும் இல்லை, ஆகவே யாருக்கும் சங்கடமும் இல்லை. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் வெர்லின். ஒரு கையும் எழவில்லை. ஆதரிப்பவர்கள் என்றார். என்னுடையதும் சேர்ந்து அத்தனை கைகளும் மேலே போயின. லோவெல் அப்போது கீழ்த்தளத்தில் எங்களுக்காக சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தார்.

இனி ஒரு கடிதம் போட்டால் முடிந்தது. அடுத்த குழுக் கூட்டத்தில் வெர்லின் பேனாவைத் திறந்தேவிட்டார். வக்கீல் கை காட்டித் தடுத்தார்.

"அவசரப்படாதீங்க. விதி வந்ததும் முதல் ஆளா அவரையே எடுத்தா, விதியே அவருக்காகத்தான் வந்துச்சும்பாங்க."

"அவருக்காகத்தானே வந்துச்சு?"

"அதனாலதான் சொல்றேன். முதல்ல வேற யார் மேலயாவது பயன்படுத்திக் காட்டுங்க. அப்பத்தான் விதி நடுநிலையா இருக்கும்."

அப்போது வெர்லின் என்னிடம் இன்னும் கொஞ்சம் காபி கொண்டுவர முடியுமா என்று கேட்டார். கொண்டுவந்தேன். எல்லோரும் என் காபியைப் புகழ்ந்தார்கள். எங்கள் ஊரில் அது நல்ல அறிகுறி அல்ல.

மறுநாள் வெர்லின் என் வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஆர்டிஸ், உனக்கு வயசாயிடுச்சு. இந்த மாசத்தோட நின்னுக்கோ," என்றார்.

ஹாலிங் ஏரியில் ஒருவர் இன்னொருவரிடம் இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதே இல்லை. சொல்லிவிட்டு அவர் இலேசான மனதோடு படியிறங்கிப் போனார். நான் பை ஒன்றும் செய்து வைத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வக்கீல் பிரைஸுக்கே போன் செய்தேன். அவர் எண் என்னிடம்தான் இருந்தது.

"வயசைக் காரணம் காட்டி வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே தம்பி?"

"இருக்கும்மா. நல்ல சட்டம்."

"அப்போ?"

"அது மத்தவங்களுக்கு. நீங்க வருகைக் குரு," என்றார் மிகுந்த மரியாதையோடு.

என் பிரிவு உபசார விருந்துக்குச் சபையே திரண்டு வந்தது. நான் ஓய்வெடுக்க வேண்டும் என்று நானே விரும்பியதாக மூன்று பேர் பேசினார்கள். அதற்குப் பிறகு வெர்லின் லோவெலிடம் கடிதத்தைக் கொடுக்க இரண்டு முறை போனார். முதல் முறை ஆப்பிள் பை. இரண்டாம் முறை கடிதத்தைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட்டாராம். லோவெல் இன்றுவரை பந்திக் குருவாகத்தான் இருக்கிறார். நாளைக்கும் இருப்பாரா என்று அவருக்கும் தெரியாது, வெர்லினுக்கும் தெரியாது.

போன சனிக்கிழமை லோவெல் என் வீட்டுக்கு வந்தார். கையில் உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. வேலை போனபிறகு என் வீட்டுக்கு வந்த முதல் ஆள் அவர்தான். அவரே தட்டெடுத்து எனக்குப் பரிமாறினார். எனக்கு மனசு தாங்கவில்லை.

"நீயே சொல்லு லோவெல், இது அநியாயம் இல்லையா? நான் வேலையில ஒரு தப்பு பண்ணினேனா? முன்னாடி பொறந்துட்டேன், அது என் கையிலயா இருக்கு? ஒரு மனுஷி எப்படி இருக்காளோ அதுக்காக அவளைத் தூக்கி வெளியே போடுவாங்களா? கேக்க ஒரு கோர்ட்டு இல்ல, ஒரு நாதி இல்ல!"

லோவெல் எதிரே உட்கார்ந்து நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த விதிக்கு ஓட்டு எடுத்தப்ப நான் கீழே சாண்ட்விச் பண்ணிட்டிருந்தேன் ஆர்டிஸ்," என்றார். "எத்தனை பேர் வேண்டாம்னு கை தூக்கினாங்க?"

"யாருமில்ல," என்றேன்.

"அப்படியா," என்றார் லோவெல். கரண்டியைக் கையில் எடுத்தார். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?"

வாய் நிறைய சாப்பாடு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.